சாயத்தண்ணீருக்குச் சாட்சி

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு பள்ளத்தின், அதாவது ஓடையின், கரையில் எங்களுக்கு 4 ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில், மாடுகள் தொட்டித் தண்ணீரில் வாய் வைத்துவிட்டு உடனே தலையைத் திருப்பிக்கொண்டன. பள்ளத்தில் இறங்கிப் பார்த்தபோது, ஒழிந்துவிட்டது என்று நாங்கள் நம்பியிருந்த, சாய ஆலைக் கழிவு கலந்த கருநீலத் தண்ணீர் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 14 மாதம் மனுவும் கையுமாக அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் விவசாயிகளுக்காக எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் சென்றேன். மனு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பப்பட்டது. சில நாள் கழித்து அங்கே சென்றபோது, ஓர் இளம் பொறியாளர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இது தண்ணிதானுங்கய்யா, ஆனா சட்டப்படி சாம்பிள் ஆகாதுங்க" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விவகாரமும் அடங்கியிருந்தது என்பது பிறகு புரிந்தது.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வாரியத்தின் அலுவலர் கழிவுநீரை எப்படி எடுக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. பகுப்பாய்வுக்காக எடுக்கிறோம் என்று ஆலைப் பொறுப்பாளருக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் கலனில் அடைத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். இந்த முறை தவறினால், ஆய்வறிக்கையில் எத்தனை பெரிய எண் இருந்தாலும் நீதிமன்றத்தில் அது சான்றாக ஏற்கப்படாது. பொறுப்பாளர் வேண்டுமென்றே வராமல் இருந்தால், அலுவலர் தாமே முத்திரையிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. ஆள் இல்லை என்ற காரணத்தால் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை என்பதை மனு கொடுப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற, ஜீரோ டிஸ்சார்ஜ் என்று இங்கே எல்லோரும் சொல்லும் நிபந்தனையை நிறைவேற்றியவைதான் மீண்டும் இயங்க முடிந்தது. ஆகவே, கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்ற வழக்கமான கேள்வி இங்கே இரண்டாம் பட்சமே. அந்த நிபந்தனைக்கு உட்பட்ட ஆலையிலிருந்து கழிவு வெளியே வந்தாலே அது மீறல். பள்ளத்தில் ஓடுவது யாருடைய தண்ணீர் என்பதுதான் நிரூபிக்கப்பட வேண்டியது. மேல்பக்கம் நான்கைந்து ஆலைகள் இருக்கும்போது, பள்ளத்தில் எடுத்த மாதிரி ஒருவரையும் சுட்டாது; வெளியேறும் வாயிலேயே எடுத்தாக வேண்டும்.

முதல் ஆய்வுக்கு வாரியத்தினர் வந்தது காலை 11 மணிக்கு. அப்போது மேல்பக்கத்து ஆலை ஒன்றின் கழிவுக் குழாய்வாய் காய்ந்து கிடந்தது, மண்ணில் கறை மட்டும் இருந்தது. "ஆய்வின்போது வெளியேற்றம் காணப்படவில்லை" என்று அறிக்கை எழுதப்பட்டது. அது பொய்யில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

அன்று மாலையே தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரும் ஒரு நீள நோட்டும் வாங்கினேன். தினமும் மூன்று வேளை பள்ளத்திலும் கிணற்றிலும் அளந்து, நேரம், நிறம், மழை பெய்ததா இல்லையா, அளவு எவ்வளவு என்று எழுதி, நேரம் பதிவாகும்படி படமும் எடுத்துவைத்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் எழுதினார். இரண்டு பேர் தனித்தனியே எழுதியது ஒத்துப்போனதால்தான் அந்த நோட்டுக்கு மதிப்பு வந்தது. ஆறு வாரத்தில் ஒழுங்கு தெரிந்தது: சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகும், மழை பெய்த இரவுகளிலும்தான் தண்ணீர் வந்தது. அந்தப் பக்கங்களை நகலெடுத்து, கிழமையையும் நேரத்தையும் குறிப்பிட்டு இரவு ஆய்வு கோரினேன். மூன்றாவது சனிக்கிழமை நள்ளிரவு கடந்த பிறகு வந்தார்கள். குழாய்வாயில் பிடித்து, முத்திரையிட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றார்கள். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கணிக்க மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். அறிக்கை மறுநாளே வரவில்லையென்று யாரும் ஐயப்பட வேண்டாம்.

இரவில் ஏன் எளிதில் வருவதில்லை என்று கேட்டபோது, ஆளும் வண்டியும் போதவில்லை என்று மனம் திறந்து சொன்னார்கள். அப்படியானால் இந்த வேலைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். இயங்குவதற்கு வாரியம் தரும் அனுமதியான இசைவாணைக்கு ஆலைகள் செலுத்தும் கட்டணம் முக்கிய வருவாய். ஆலையின் சொத்து மதிப்பையும் மாசு வகையையும் பொறுத்து அது கூடும், குறையும். ஆய்வகக் கட்டணம் தனி. 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைகளிடமும் உள்ளாட்சிகளிடமும் தண்ணீர்த் தீர்வை வசூலித்து, அதில் 80 விழுக்காடு வரை மாநில வாரியங்களுக்குத் திருப்பிக் கொடுத்து வந்தார்கள், 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. மாசுபடுத்தக்கூடியவர் கண்காணிப்புச் செலவை ஏற்பது நியாயம்தான். ஆனால், மூடப்படும் ஒவ்வோர் ஆலையும் கண்காணிப்பவரின் வருவாயையும் குறைக்கும் இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. இரவு ஆய்வுக்காவது அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீறலுக்கான சுற்றுச்சூழல் இழப்பீடு இதிலிருந்து வேறானது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரத்தில், மாசு மிகுந்த ஆலைகளைக் குறிக்கும் சிவப்பு வகைக்கு மாசுக் குறியீடு 80, ரூபாய்க் காரணி 250, சிறு ஆலைக்கு 0.5 என்று பெருக்கினால், மக்கள்தொகை குறைந்த ஊரில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வருகிறது. அதை மீறல் நடந்த நாட்களால் பெருக்க வேண்டும் என்பதால், நாள்வாரியாக எழுதிய நோட்டை அதற்கும் இணைத்தேன்.

அறிக்கையின் நகலைப் பெற இரண்டு வழி உண்டு. ஒன்று, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு. மற்றொன்று, நீர்ச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு: 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடிமகனே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம், அப்படிச் செய்தவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். நான் முதல் வழியில் சென்று, முன்னறிவிப்பையும் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தேன். 60 நாள் முடியுமுன்பே 33-ஏ பிரிவின்படி அந்த ஆலையின் மின் இணைப்பைத் துண்டிக்க ஆணை வந்தது.

பள்ளம் தெளிந்துவிட்டது, கிணறு தெளியவில்லை. ஒரு பருவமழை முடிந்த பிறகும் மீட்டர் 3,000-க்குக் கீழே இறங்கவில்லை, மாடுகளுக்கு இன்னும் லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம். இழப்பீட்டுத் தொகையிலிருந்து கிணற்றைச் சீரமைக்கக் கோரிய மனு நிலுவையில் இருக்கிறது. மனுக்களின் நகல்களும் அந்த நோட்டும் என்னிடம் உள்ளன. நொய்யல் கரையில் தேவைப்படுபவர் யார் வந்தாலும் படியெடுத்துக்கொள்ளத் தருகிறேன்.