ஒரு எம்பி படுத்துன பாடு

நேத்து ராத்திரி காட்பாடில கரண்ட் வேற இல்ல, இன்வெர்ட்டர்ல உக்காந்து ரெண்டு மணி வரைக்கும் ஒரே ரோதனை. ராணிப்பேட்டைல ஒரு தோல் யூனிட்டுக்கு வெப்சைட் பண்ணி குடுத்திருக்கேன், அந்த அண்ணன் போன் போட்டு "இன்னாப்பா, வாட்ஸ்அப்ல வந்த போட்டோ ஏறுது, நான் எடுத்தது ஏற மாட்டேங்குது"ன்றாரு. அப்பவே பொறி தட்டியிருக்கணும், வாட்ஸ்அப் சுருக்கி அனுப்புது, இவரு போன்ல எடுத்தது 4 எம்பி. நான் பாட்டுக்கு ஃபோல்டர் பர்மிஷன், ஃபார்ம்ல மல்டிபார்ட் (ஃபைல் அனுப்ப போட வேண்டிய செட்டிங்) போட்டேனானு நோண்டிட்டு இருந்தேன். சர்வர்ல சைட்ட ஓட்டுற பிஎச்பியோட லாக்ல ஒரு வரி இல்ல. எப்படி இருக்கும், ரிக்வெஸ்ட் அங்க போய் சேரவே இல்லியே! பிரௌசர்ல எஃப்12 தட்டி நெட்வொர்க்ல பாத்தா 413, அதாவது அனுப்புனது ரொம்ப பெருசுன்ற எரர். பிஎச்பிக்கு முன்னாடி நிக்கிற வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் வாசல்லயே நிறுத்திடுச்சு, அதுக்கு டீஃபால்ட்டா 1 எம்பி தான். அந்த லிமிட்ட வெக்கிற கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ 20 எம்பி ஆக்கி ரீலோட் பண்ணா இப்ப பிஎச்பி எரர் 1 (ஃபைல் லிமிட்ட தாண்டிடுச்சாம்), அங்க அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ் 2 எம்பி. அதயும் ஏத்தி, போஸ்ட் மேக்ஸ் சைஸயும் ஏத்துனேன் (அது மொத்த ஃபார்முக்கும் லிமிட், அத தாண்டுனா ஃபைலும் வராது, கூட டைப் பண்ணதும் வராது, எரர் நம்பர் கூட இல்லாம காலியா நிக்கும், அது தனி கொடும).

காலைல அண்ணன் 11 போட்டோ ஏத்திட்டாரு. எல்லாம் ஒரே தோலு, ஒரே ஆங்கிள்.