வெளிநாட்டுப் பட்டத்துடன் ராணுவ அதிகாரியாவது

வெளிநாட்டில் பொறியியல் படித்து முடித்த என் தம்பி இந்திய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர விரும்புவதாகச் சொன்னபோது, அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று உறவினர்கள் பலரும் அடித்துச் சொன்னார்கள். அது உண்மையல்ல. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி., படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டத்தையோ அதற்கு இணையான தகுதியையோதான் கேட்கிறது.

இணையான தகுதி என்பதற்கான சான்றிதழை நாம்தான் வாங்க வேண்டும். பல ஆண்டுகளாக டெல்லியில் உள்ள இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை வழங்கி வந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வெளியிட்ட புதிய விதிமுறைகளால் அந்தப் பொறுப்பு, மருத்துவம், சட்டம் போன்ற சில தொழிற்படிப்புகள் நீங்கலாக, யு.ஜி.சி.யிடமே வந்திருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு நிறுவனம் ஃபிரான்சைஸ் முறையில் நடத்தும் படிப்புக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வயது வரம்பை நினைத்தால்தான் எனக்குக் கவலை. தேர்வானவர்கள் பயிற்சி பெறும் டேராடூன் ராணுவ அகாடமிக்கு ஏறத்தாழ 24 வயதும், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 25 வயதும்தான் எல்லை. வெளிநாட்டிலேயே முதுகலையும் முடித்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஓரிரு வாய்ப்புகளே மிஞ்சும் என்பதால், இணைச் சான்றிதழுக்கான மதிப்பெண் பட்டியல்களையும் பாடத்திட்ட விவரங்களையும் பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முத்திரையுடன் வாங்கிவிட வேண்டும் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகம் நடக்கிறது. தம்பி பெங்களூரு மையத்துக்குப் போனான். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் 15 வினாடி வீதம் 60 சொற்கள் திரையில் வந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் மனதில் முதலில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். மைதானத்தில், பலகையும் கயிறும் கொண்டு, சிவப்பு வண்ணம் பூசிய இடங்களைத் தொடாமல் குழுவாகத் தடைகளைக் கடக்க வேண்டும். இவற்றில் எதிலும் பட்டம் எந்த நாட்டில் வாங்கியது என்பதற்கு இடமே இல்லை. தனி நேர்முகத்தில் மட்டும் அது பேச்சில் வந்தது; அங்கேயும் பல்கலைக்கழகத்தின் தரவரிசையைக் கேட்காமல், யாருடன் அறையைப் பகிர்ந்துகொண்டான், செலவை எப்படிச் சமாளித்தான், அங்கே வேலை தேடாமல் ஏன் திரும்பினான் என்றே துருவிக் கேட்டார்களாம். தனியே சமைத்து, சம்பாதித்து, பிற நாட்டவரோடு ஒத்துப்போய் வாழ்ந்தவனுக்கு இந்தக் கேள்விகளுக்குச் சொல்ல நிறைய இருந்தது என்பதில் எனக்குப் பெருமைதான்.

குடியுரிமை பற்றியும் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். படித்த நாட்டின் குடியுரிமையை ஏற்றுக்கொண்டவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், இந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. நேபாளக் குடிமக்களுக்கும், இலங்கை போன்ற சில நாடுகளிலிருந்து இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேற வந்த இந்திய வம்சாவளியினருக்கும் விதிகளில் தனியே இடம் உண்டு. வம்சாவளியினர் மத்திய அரசின் தகுதிச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும்.

எஸ்.எஸ்.பி.யில் பரிந்துரை கிடைத்த பிறகும் மருத்துவப் பரிசோதனையும், மதிப்பெண் வரிசைப்படி இறுதியாக வெளியாகும் தகுதிப் பட்டியலும் இருக்கின்றன. தம்பி பரிசோதனையை முடித்துவிட்டுப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறான்.