ஹோஸ் வேர்க்குது தம்பி!

மூணு வருஷமா ஒரே கூத்துதான். பங்குனி பொறந்ததும் என் கான்டசா காருக்கு ஏசி கேஸ் புடிப்பேன், ரெண்டு வாரம் உள்ள உக்காந்தா பல்லு கிட்டிக்கும், அப்புறம் ஆடில கோட்டை மாரியம்மன் திருவிழா கூட்டத்துல வண்டி ஊர்ந்துட்டு இருக்கும்போது பாத்தா வென்ட்ல வெறும் காத்து மட்டும் வரும். சேலத்து வெயிலப் பத்தி நான் சொல்லவே வேணாம், அதுல இவ்ளோ பெரிய கண்ணாடி வச்ச வண்டிக்குள்ள ஏசி இல்லாம உக்காந்திருந்தா இட்லி குண்டால உக்காந்த மாதிரிதான்.

கான்டசாவெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். நீள பானட்டு, பின் வீல் டிரைவ், 1.8 லிட்டர் இசுசு இன்ஜின், அஞ்சு கியர், 90கள்ல நம்ம ஊருக்கு அதுதாங்க ஸ்போர்ட்ஸ் கார். வாக்ஸால் விக்டர் டிசைன வாங்கிட்டு வந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாரால செஞ்சது, 2002ல நிறுத்தியாச்சு. என்னோடது 93 மாடல்.

சரி விஷயத்துக்கு வரேன். கேஸ் புடிக்கிற எடத்துல ஒவ்வொரு வருஷமும் ஒரே பதில், "ஜாயின்ட்ல லீக் சார், ஓ-ரிங் மாத்திட்டோம் சார்". ஓ-ரிங்னா ஜாயின்ட்ல கசியாம இருக்க போடுற ரப்பர் வளையம். சோப்பு நுரை போட்டு காட்டுவாங்க, ஒரு குமிழி கூட வராது, ஆனாலும் ஓ-ரிங் மாத்துவாங்க, நானும் காச குடுத்துட்டு வந்துடுவேன். இந்த வருஷம் ஆம்னி பஸ்ஸுக்கு ஏசி வேலை பாக்குற ஒரு அண்ணன்கிட்ட காட்டுனேன். அவரு பிரஷர் பாக்குற கேஜே எடுக்கல. கேஸ அமுக்குற கம்ப்ரசருக்கு வர்ற தடி ஹோஸ விரலால நெடுக தடவுனாரு, விரல என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு, கருப்பா பிசுபிசுன்னு ஆயிலு. "ஜாயின்ட் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஹோஸே வேர்க்குது"ன்னாரு.

அதாவது இந்த வண்டி வந்த காலத்துல இருந்தது ஆர்-12 கேஸு. ஓசோன் பிரச்சனையில 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு, 2010க்குள்ள நம்ம மாதிரி நாடுகள்லயும் அந்த வகை கேஸு தயாரிப்ப நிறுத்தியாச்சு. எனக்கு முன்னாடி வச்சிருந்தவரு அதுக்குப் பதிலா வந்த 134ஏ கேஸுக்கு மாத்திருக்காரு, மாத்துனாருன்னா கேஸு புடிக்கிற வாய மட்டும் மாத்திருக்காரு, ஹோஸ் எல்லாம் அப்படியே பழைய ரப்பரு. 134ஏ மாலிக்யூல் ஆர்-12 விட சின்னது, வெறும் ரப்பர் சுவருக்குள்ள பூந்து மெதுவா வெளிய போயிட்டே இருக்கும், பானட்டுக்குள்ள சூடு ஏற ஏற இன்னும் வேகமா போகும். ஒரே எடத்துல ஓட்டையா இருந்தா குமிழி வரும், ஹோஸ் முழுக்க கசிஞ்சா சோப்பு என்ன பண்ணும் பாவம். இப்ப வர்ற பேரியர் ஹோஸ்ல உள்ள ஒரு நைலான் லேயர் இருக்கு, அதுதான் கேஸ தடுக்குது. பழைய ஹோஸ்ல ஆயில் ஊறிப்போயி இருக்கும், அதுவே 134ஏவ தாங்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க, இருக்கலாம், முப்பது வருஷ ரப்பர்கிட்ட அதை எதிர்பாக்குறது என்னைப் பொறுத்தவரை பேராசை.

மொத்தம் மூணு ஹோஸ். டேஷ்போர்டுக்குள்ள காத்த குளுராக்குற இவாப்பரேட்டர்லருந்து கம்ப்ரசருக்கு வர்ற தடி ஹோஸ், கம்ப்ரசர்லருந்து சூட்ட வெளிய விடுற கன்டென்சருக்கு போறது நடுத்தரம், ஈரத்த உறிஞ்சுற ட்ரையர்லருந்து டேஷ்போர்டு பக்கம் போறது ஒல்லி. கழட்டும்போது ரெண்டு ஸ்பானர் போட்டே ஆகணும், ஒண்ணு புடிச்சுக்க ஒண்ணு திருப்ப. நான் அவசரத்துல இவாப்பரேட்டர் பக்கம் ஒரே ஸ்பானர போட்டு அழுத்துனேன், நட்டு அசையல, பைப்பு முறுக்க ஆரம்பிச்சிருச்சு, அண்ணன் "கைய எடு தம்பி"ன்னு போட்ட சத்தத்துல டீக்கடைக்காரரு எட்டிப் பாத்தாரு. அந்த பைப்பு உடைஞ்சிருந்தா டேஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருந்திருக்கும்.

கழட்டுன ஹோஸ ஒரு துண்டு வெட்டிப் பாத்தேன். வெளிய பாத்தா ஆயிலும் ரோட்டு மண்ணும் சேந்து தார் பூசுன மாதிரி, உள்ள ரப்பரு காஞ்சு, மடக்குனா வெடிப்பு வெடிப்பா விரியுது.

இப்ப புதுசா அடிக்கணும். இங்கதான் நம்ம ஊருக்கே உரிய ஒரு சபலம் வரும். திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டி, ஜேசிபின்னு ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடைக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்ல, கொண்டாலம்பட்டி பைபாஸ்ல போனா அரை மணி நேரத்துல அடிச்சு குடுத்துருவாங்க, எவ்ளோ பிரஷரும் தாங்கும். ஆனா அது ஆயிலுக்கு செஞ்ச ஹோஸ், அதுல அந்த நைலான் லேயர் கெடையாது, திரும்பவும் வேர்க்கும். அதனால ஏசி பேரியர் ஹோஸும், ஹோஸ் முனையில பிட்டிங்க அமுக்கிப் புடிக்க வைக்க அதுக்குன்னு இருக்குற கிரிம்ப் டையும் வச்சிருக்குற கடையாத்தான் பாத்துப் போனேன்.

போயும் சொதப்புனேன். தடி ஹோஸுக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்ச பிட்டிங், ஒரு வளைவு மேல பாக்கணும், இன்னொண்ணு பக்கவாட்டுல. பழைய ஹோஸ கழட்டுறதுக்கு முன்னாடியே நெடுக சுண்ணாம்புக் கோடு ஒண்ணு இழுத்து வச்சிருக்கணும், நான் போன்ல போட்டோ எடுத்தாச்சே போதும்னு விட்டுட்டேன். கிரிம்ப் பண்ணி கொண்டாந்து மாட்டுனா ஒரு பக்கம் உக்காருது, மறுபக்கம் முழுசா கால் சுத்து தள்ளி நிக்குது. கிரிம்ப் ஒருதடவ அமுக்குனா அமுக்குனதுதான், திருப்பல்லாம் முடியாது. புது பிட்டிங் வாங்கி, இந்த தடவ வண்டியிலயே வச்சு பெயின்ட்ல கோடு போட்டு, இன்ஜின் ஆடுறதுக்கு கொஞ்சம் லூசும் விட்டு, திரும்ப ஐந்து ரோடு ட்ராபிக்ல ஒரு நடை. அன்னிக்கு சாயந்தரம் ரெண்டு தட்டுவடை செட் சாப்ட்ட பின்னாடிதான் கோவம் அடங்குச்சு.

ட்ரையரும் புதுசு போட்டாச்சு, சிஸ்டத்த தொறந்தா ட்ரையர் மாத்தியே ஆகணும், அதோட மூடிய கடைசி நிமிஷத்துலதான் கழட்டணும், இல்லன்னா காத்துல இருக்குற ஈரத்த எல்லாம் அதுவே குடிச்சிரும். பழைய மினரல் ஆயில் 134ஏ கூட கலக்காது, அதனால கழுவி எடுத்துட்டு எஸ்டர் ஆயில். அப்புறம் வேக்கம். பைப்புக்குள்ள காத்த உறிஞ்சி எடுத்தா உள்ள இருக்குற ஈரம் நம்ம ஊரு சூட்டுலயே கொதிச்சு ஆவியாகி வெளிய வந்துரும், அதுக்குத்தான் முக்கால் மணி நேரம் பம்ப ஓட விடுறது. கேஜ் முள்ளு 29 இஞ்ச்கிட்ட நின்னுச்சு, பம்ப நிறுத்தி அரை மணி நேரம் பாத்தோம், அசையல.

இதுல ஒரு கிளைக்கதை. இத கேட்டுட்டு ஏற்காட்டுல இருக்குற எம் மச்சானும் அவன் வண்டிக்கு ஹோஸ் மாத்தி, பம்ப வாடகைக்கு எடுத்து எஸ்டேட்லயே போட்டான். முள்ளு 25 தாண்ட மாட்டேங்குது மாமா, லீக்குன்னு போன். ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு ஜாயின்டா டைட் பண்ணிருக்கான். அப்புறம்தான் பொறி தட்டுச்சு, அவன் நிக்கிறது ஐயாயிரம் அடி ஒசரத்துல, அங்க காத்தோட அழுத்தமே கம்மி, ஆயிரம் அடிக்கு சுமாரா ஒரு இஞ்ச் கொறையும், அங்க 25தான் முழு வேக்கம். டைட் பண்ணதுல ஒரு ஓ-ரிங் நசுங்குனது தனி.

எனக்கு கேஸ் ஏத்துனது சித்திரை வெயில்ல. ஆர்-12க்கு போட்டிருந்த அளவுல எம்பது சொச்சம் பர்சன்ட்தான் ஏத்துனோம், 134ஏவ பழைய அளவுக்கு ரொப்புனா பிரஷர் எகிறும். வென்ட்ல கை வச்சா விரல் விறைக்குது. அது நடந்து இப்ப கார்த்திகையும் வந்துருச்சு, கேஜ்ல சொல்ற மாதிரி எதுவும் கொறையல.

மொத நாள் அப்பாவ ஏத்திக்கிட்டு ஏற்காடு கெளம்புனேன். மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச் தாண்டுறதுக்குள்ள வண்டி ஜில்லுனு ஆயிருச்சு, பெருமையா திரும்பிப் பாத்தா அப்பா துண்ட எடுத்து காத சுத்திக்கிட்டு இருக்காரு. எட்டாவது கொண்டை ஊசி கூட வரல, ஏசிய அணைச்சுட்டு கண்ணாடிய இறக்கிட்டாரு. காது அடைக்குதாம்.