காணாமல் போன இன்டர்னல் ஸ்டாண்டர்டு

பசலைக்கீரையில் லூட்டின் (மஞ்சள் நிறக் கரோட்டினாய்டு நிறமி) எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். அதுதான் முதல் தப்பு.

கரோட்டினாய்டுக்கு வெளிச்சமும் சூடும் காற்றும் எதிரி என்பது தெரிந்ததுதான். மஞ்சள் விளக்கு, பழுப்புக் குப்பி, நைட்ரஜன், கரைப்பானில் கொஞ்சம் பிஎச்டி (நான் இன்னும் வாங்காத பட்டம் அல்ல, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) என்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. நிறமிகளைப் பிரிக்கும் சி18 குரோமடோகிராஃபிக் குழாயில் லூட்டினும் அதன் உறவான ஜியாக்சாந்தினும் ஒட்டிக்கொண்டே வந்தன. சி30 குழாய்க்கு மாறியதும் பிரிந்துவிட்டன. ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளக்க வாங்கும் தூய பொருள்) புட்டியின் மேல் எழுதியிருக்கும் எடையை மட்டும் நம்பாதீர்கள். கரைத்து, ஒளியை எவ்வளவு உட்கவர்கிறது என்று ஸ்பெக்ட்ரோவில் வைத்துப் பாருங்கள். பீட்டா கரோட்டின் என்றால் பெட்ரோலியம் ஈதரில் 450 நானோமீட்டர், 1 சதவீதக் கரைசலுக்கான உட்கவர் எண் 2592. எனக்கு வந்த புட்டியில் எழுதியிருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இன்டர்னல் ஸ்டாண்டர்டு என்பது ஆரம்பத்திலேயே மாதிரியில் அளந்து போடும் வேறொரு பொருள்; வழியில் எவ்வளவு தொலைகிறது என்று அதை வைத்துத்தான் கணக்கு, லூட்டினின் பீக்கை அதன் பீக்கால் வகுப்போம். அதற்கு அப்போ-8′-கரோட்டினல் போட்டிருந்தேன். ஒரு நாள் கணக்கை விட்டுவிட்டு பீக்குகளை (வரைபடத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எழும் கூம்புகளை) நேராகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ரத்தப் பிளாஸ்மாவில் போட்டதில் 95 சதவீதம் திரும்பி வருகிறது, கீரையில் 40-ஐத் தாண்டவில்லை. வகுக்கும் எண் சுருங்கினால் விடை வீங்கத்தானே செய்யும்! லூட்டின் இரண்டு மடங்கான ரகசியம் அவ்வளவுதான்.

வெளிச்சத்தின் மேல் பழி போட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினேன். கருவிக்குள் மாதிரியைச் செலுத்தும் ஊசியைக் கழுவினேன். புதுக் குரோமடோகிராஃபிக் குழாய் வாங்கித் தரச் சொல்லி ஆய்வக உதவியாளரிடம் திட்டு வாங்கினேன். மூன்று வாரம் போனது. ஆனால் கீரையின் வரைபடத்தில் கரோட்டினலுக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத பீக் ஒன்று எப்போதும் இருந்தது. கீரையிலேயே உள்ள ஏதோ ஒன்று என்று அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பிளாஸ்மாவுக்கும் கீரைக்கும் என்ன வித்தியாசம்? பிளாஸ்மாவில் எத்தனால் விட்டுப் புரதத்தை வீழ்த்தி ஹெக்சேனில் இழுப்பதோடு வேலை முடிந்தது. கீரையை அசிட்டோனில் அரைத்து, பெட்ரோலியம் ஈதருக்கு மாற்றி, பச்சையமும் கொழுப்பும் போக மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ராத்திரி முழுக்க இருட்டில் வைத்தோம் (இதுதான் சோப்பாக்கல்). அதனால் மூன்று சோதனைக் குழாய் எடுத்தேன். கீரையே கிடையாது, வெறும் ஸ்டாண்டர்டு. ஒன்றில் காரம் மட்டும். இன்னொன்றில் அசிட்டோன் மட்டும். மூன்றாவதில் இரண்டும். மறுநாள் காலை மூன்றும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் நின்றன. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கருவியில் ஓட்டிப் பார்த்தால் முதல் இரண்டில் ஸ்டாண்டர்டு பத்திரம். மூன்றாவதில் பாதிக்கு மேல் காணோம், அந்தப் பெயர் தெரியாத பீக் மட்டும் ஓங்கி நிற்கிறது.

கரோட்டினல் ஓர் ஆல்டிஹைடு, அதாவது எளிதில் வினைபுரியும் வகைச் சேர்மம். காரம் இருக்கும்போது அசிட்டோன் அதோடு சேர்ந்து சிட்ரனாக்சாந்தின் ஆகிவிடுகிறது. அதுவும் ஒரு கரோட்டினாய்டுதான், நிறம் எப்படி மாறும்?

அசிட்டோன் எப்படி மிஞ்சியது என்றால், குற்றம் என்னுடையது. கைமாறி வந்த செய்முறைத் தாளில் ‘தண்ணீரில் நான்கு முறை கழுவவும்’ என்று இருந்தது. அது அசிட்டோனை வெளியேற்றத்தான் என்று எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிரிபுனலில் பால் மாதிரி குழம்பி நின்றதால், பொறுமை போய் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். குலுக்கக் கூடாது, புனலின் சுவரோரமாகத் தண்ணீரை மெதுவாக வழியவிட வேண்டும். அப்படியும் குழம்பினால் கொஞ்சம் உப்புக் கரைசல். சோப்பாக்கலுக்குப் பிறகு கழுவும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: வெறும் பெட்ரோலியம் ஈதர் என்றால் லூட்டின் தண்ணீரோடு நழுவும், டைஎதில் ஈதர் கலந்துகொள்ளுங்கள். கழுவ நேரமே இல்லை என்பவர்கள் ஆல்டிஹைடு இல்லாத எக்கினெனோன் போடலாம்.

மிச்சமிருந்த உறைந்த கீரையை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். திரும்ப வந்தது 96 சதவீதம். லூட்டின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பழைய எண்ணைப் போட்டுக் கருத்தரங்கிற்கு அனுப்பியிருந்த சுருக்கத்தைத் திரும்பப் பெற, அன்று மாலையே மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது.