சதுர அடிக்கு எவ்வளவு, அண்ணை?

மே மாதம் பிறந்தால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. பனி கரைந்து பின்வளவு கண்ணில் பட்டதும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்லோருக்கும் டெக், அதாவது வீட்டின் பின்பக்கம் அடிக்கும் மரத்தளம், ஞாபகம் வந்துவிடும். "சதுர அடிக்கு எவ்வளவு, அண்ணை?" என்றுதான் பேச்சே தொடங்கும். வளவைப் பார்க்காமலே அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் எனக்கும் இருந்தது.

2016 கோடையில், பக்கத்து நகரமான மார்க்கத்தில் 20-க்கு 20 அடியில் ஒரு டெக் அடித்தேன். நிலத்திலிருந்து இரண்டு படி உயரம், வாகனம் பின்வளவு வரை போகும். சதுர அடிக்கு 35 டொலர் பேசியதில் கையில் நன்றாகவே மிஞ்சியது. அடுத்த கிழமை ஸ்காபரோவில் 10-க்கு 10 அடி வேலை. அதே 35 டொலரைச் சொன்னேன். 3,500 டொலருக்குக் கைகுலுக்கினோம்.

இந்த டெக் நிலத்திலிருந்து ஐந்தடி உயரம். 60 சென்றிமீற்றருக்கு மேல் உயர்ந்தால் நகரசபை அனுமதி வேண்டும், சுற்றிலும் கைப்பிடி வேலியும் வேண்டும். மார்க்கத்து டெக்குக்கு வேலியே இல்லை. இங்கே மூன்று பக்கமும் சேர்த்து 30 அடி. வேலியின் மரச்சட்டங்களுக்கு நடுவே 10 சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பதால் ஏறக்குறைய எழுபது சட்டம் வெட்டி அடித்தேன். ஐந்தடி ஏற எட்டுத் தடவை கால் வைக்க வேண்டும், அதற்கொரு படிக்கட்டு. தரைப் பலகை அடித்தது ஒரே ஒரு பின்னேரம்!

டெக்கைத் தாங்கும் தூண்களுக்கான குழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரொறன்ரோக் குளிரில் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து தூணையே மேலே தூக்கிவிடும். அதனால் அத்திவாரம் நான்கடி ஆழம் போக வேண்டும். அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்றடி ஒழுங்கை, அதிலும் பாதியைக் குளிரூட்டியின் வெளிப்பெட்டி பிடித்திருந்தது. துளையிடும் இயந்திரம் உள்ளே போகவில்லை. அலவாங்கால் களிமண்ணைக் குத்தி, வீடு கட்டியவர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டுகளைக் கையால் பொறுக்கி, மூன்று குழி தோண்ட இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டு அங்குல அகலக் குழி ஒன்றுக்கு 30 கிலோ கொங்கிரீட் மூட்டை ஆறேழு பிடிக்கும். இருபது மூட்டை, 600 கிலோ, அந்த ஒழுங்கை வழியாகத் தோளில் போனது. சதுர அடிக் கணக்கில் ஒழுங்கை எங்கே வருகிறது?

வேலை முடிந்த இரவு மனைவி பற்றுச்சீட்டுகளை மேசையில் பரப்பினார். மரம், கொங்கிரீட், திருகாணி 1,650. அனுமதிச் செலவு 200. எரிபொருளும் குப்பை அகற்றியதும் 150. உதவியாளருக்கு 40 மணித்தியாலம், 800. மீதி 700 டொலர். "நீங்கள் எத்தனை மணித்தியாலம்?" என்றார். இடம் பார்த்தது, படம் வரைந்தது, மூன்று தடவை மரக்கடைக்கு ஓடியது எல்லாம் கூட்டினால் எழுபது. மணிக்குப் பத்து டொலர். அப்போது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளமே 11.25 டொலர். மணிக்கணக்கில் பார்த்தால் என் உதவியாளர் என்னைப்போல் இரண்டு மடங்கு சம்பாதித்திருந்தார்!

அன்றிலிருந்து என் சம்பளத்தையும் செலவுப் பக்கத்திலேயே எழுதுகிறேன். முதலாளி எடுப்பது இலாபம், கூலி வேறு. வாகனத் தவணை, காப்புறுதி, வேலையில்லாத குளிர்கால மாதங்கள் இவற்றின் பங்கும் அந்தப் பக்கத்தில்தான். அதற்குப் பிறகுதான் இலாபம். அதிலும் நான் வருடக்கணக்காகத் தவறிய இடம் ஒன்று உண்டு. செலவு 10,000 என்றால் 20 சதவீதம் கூட்டி 12,000 சொல்லி, எனக்கு 20 சதவீத இலாபம் என்று நினைத்திருந்தேன். 12,000-இல் 2,000 என்பது 17 சதவீதம்கூட இல்லை. விற்கும் விலையில் 20 வேண்டுமென்றால் 10,000-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 12,500 வரும். அந்த 500-ஐ நான் எத்தனை வீடுகளில் விட்டுவிட்டு வந்தேனோ!

குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பதும் நடவாது. ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டுக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாக வாங்க ஒன்ராறியோவின் நுகர்வோர் சட்டம் விடாது. வாடிக்கையாளர் புதிதாக ஏதும் கேட்டால் மட்டும் தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். 2021-இல் மரவிலை தலைதெறிக்க ஏறியபோது, "இந்த விலை ஏழு நாளுக்கு மட்டும்" என்ற வரியையும் சேர்த்தேன், இன்னும் எடுக்கவில்லை. "எங்கள் ஆள்தானே, வரியில்லாமல் காசாகத் தருகிறேன்" என்பவர்களுக்கு 13 சதவீத வரியோடுதான் விலை அனுப்புகிறேன். சிலர் திரும்ப அழைப்பதில்லை. நல்லது.

போன சனிக்கிழமை, புதிதாகத் தொழில் தொடங்கிய ஒரு தம்பி அழைத்தார். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, சதுர அடிக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டார். வீட்டுப் பக்கத்து ஒழுங்கை எத்தனை அடி அகலம் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. பின்னேரம் அளவுநாடாவோடு திரும்பப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார்.