பீரோவில் கிடந்த கார்டும் 589 ரூபாயும்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் நான் கணக்கு எழுதத் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் தெருவில் ஒருவரைப் பற்றி 'நாணயமான ஆள்' என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், அவருக்கு ஒரு லோடு மிளகாய் வற்றலைக்கூட முன்பணம் கேட்காமல் ஏற்றி அனுப்புவார்கள். வாய்தா தவறியவர் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டாலோ, ரொக்கம் கல்லாவில் விழுந்த பிறகுதான் மூட்டையில் கை வைப்பார்கள். ஊரார் பற்று வரவையெல்லாம் பைசா பிசகாமல் எழுதி வந்த நான், என்னுடைய நாணயத்தையும் யாரோ ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில்தான் நேருக்கு நேர் பார்த்தேன்.

ஆனையூரில் ஒரு சிறிய வீடு கட்டுவதற்காக வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். கடன் பிரிவில் இருந்த அலுவலர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் கடன் மதிப்பெண் 641 என்று இருந்தது. "பழைய கிரெடிட் கார்டு பாக்கி ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் வாங்கிய கார்டுக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் முழுத் தொகையையும் கட்டி வருபவன் நான். 300இல் தொடங்கி 900இல் முடியும் இந்த எண் 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் பெரும்பாலும் தயங்குவதில்லை என்பதும், பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியையே இந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏற்றி இறக்குகின்றன என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தன.

யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்ற கணக்கை நம் நாட்டில் எழுதி வைப்பவை டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் நம் முழுக் கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறைவதும் இல்லை. அன்று இரவே என் அறிக்கையை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கடன் கணக்குக்கும் கீழே மாதத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள். உரிய நாளில் கட்டிய மாதத்துக்கு 000 என்றும், கட்டாத மாதத்துக்கு எத்தனை நாள் பாக்கி என்ற எண்ணும் விழுந்திருக்கும். என் சம்பள வங்கிக் கார்டுக்குக் கீழே சுண்ணாம்பு அடித்த சுவர்போல வரிசையாக 000. அதற்கு அடுத்த கணக்கில் 028, 059, 089, 120 என்று எண்கள் படியேறிப் போயிருந்தன. கணக்கின் மேலே இருந்த வங்கியின் பெயரை நான் வாழ்நாளில் மிதித்திராத வாசலாகவே நினைத்தேன்.

என் மனைவிதான் பீரோவைத் துழாவி அதைக் கண்டெடுத்தாள். 2019 தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடை வாசலில், மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்று சொல்லி வாங்க வைத்த கார்டு. கார்டின் முகப்பில் கடையின் பெயர் பெரிதாகவும் வங்கியின் பெயர் மூலையில் சிறிதாகவும் இருந்தன. கூட்டுப் பெயரில் வரும் இத்தகைய கார்டுகளில் கடைக்காரர் விளம்பரத்துக்கு மட்டுமே துணை. கடன் கொடுப்பது வங்கி, அறிக்கையில் ஏறுவதும் வங்கியின் பெயர். முதல் ஆண்டு இலவசம், இரண்டாம் ஆண்டிலிருந்து 499 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 ரூபாய். அதற்குள் நாங்கள் சிம்மக்கல்லில் இருந்து வீடு மாறிவிட்டோம், கைப்பேசி எண்ணும் மாறிவிட்டது. ஒரே ஒருமுறை பயன்படுத்திய கார்டுக்கு விழுந்த ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டி, வட்டிக்கு வரி என்று வளர்ந்து 7,940 ரூபாயாக நின்றது. விலாசத்தை மாற்றிக் கொடுக்காதது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 589 ரூபாய்க்காக மூன்று ஆண்டுகள் ஒருவனைத் தேடாமல் இருந்துவிட்டு, அவன் பெயருக்கு எதிரே மட்டும் மாதாமாதம் எழுதிக்கொண்டே இருந்த ஏற்பாட்டின் மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

நான் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட மறுநாளே வசூல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. நாலாயிரம் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று இனிமையாகப் பேசினார்கள். பாதி மிச்சம் என்று நானும் தலையாட்டியிருப்பேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாதான், "நாலாயிரம் மிச்சம்னு பாக்காதப்பா, 'செட்டில்டு'ன்னு விழுந்துரும்" என்று தடுத்தார். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிச் சமரசமாக முடித்த கணக்கை அறிக்கை அப்படித்தான் குறிக்கும். முழுத் தொகையும் கட்டி முடித்த கணக்குக்கு 'குளோஸ்டு' என்று வரும். பிற்பாடு கடன் கொடுக்க வருகிறவர் முதல் சொல்லைப் பார்த்தால், இவர் வாங்கியதை முழுதாகத் திருப்பிக் கொடுக்காதவர் என்றே படித்துக்கொள்வார். 7,940 ரூபாயையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி, கார்டை மூடும்படி எழுதியும் கொடுத்தேன். அறிக்கை திருந்த இரண்டு மாதங்கள் ஆயின. அறிக்கையைத் திருத்தக் கோரும் புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. என் காலத்தில் அது இல்லை. வீட்டுக் கடன் தை மாதம் கிடைத்தது, கால் சதவீத வட்டி கூடுதலாக.

கார்டுகளில் கோல்டு, பிளாட்டினம் என்று வங்கிகள் பூசித் தரும் நிறங்களைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் கிடையாது என்பது இந்த அலைச்சலில் நான் கற்றவற்றுள் ஒன்று. நம் சம்பளமும் சேமிப்பும்கூட மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை. கார்டு யார் பெயரில் இருக்கிறது, அது எந்த வகைக் கணக்கு, வரம்பு எவ்வளவு, அதில் எவ்வளவு பாக்கி நிற்கிறது, உரிய நாளில் கட்டினோமா என்பவைதான் அங்கே எழுதப்படுகின்றன. ஆகவே விலையுயர்ந்த கார்டால் மதிப்பெண்ணுக்கு வரக்கூடிய நன்மை, அதன் வரம்பு பெரிதாக இருப்பது ஒன்றே. 40,000 ரூபாய் வரம்புள்ள என் கார்டில் 32,000 ரூபாய்க்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கினால், வரம்பில் 80 சதவீதத்தைத் தின்றுவிட்டேன் என்று ஏறும். அதே பெட்டியை இரண்டு லட்சம் வரம்புள்ளவர் வாங்கினால் அது 16 சதவீதம். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான கைக்கணக்கு. தவணையாக மாற்றினாலும், கட்டாத அசல் அளவுக்கு வரம்பு அடைபட்டுத்தான் இருக்கும். நான் இப்போது பெரிய செலவு செய்த மாதங்களில் பில் தேதி வரும்வரை காத்திராமல் இரண்டு நாள் முன்னதாகவே பாதியைக் கட்டிவிடுகிறேன். 2025 ஜனவரி முதல் வங்கிகள் இந்த விவரங்களைப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டதால், கூடினாலும் குறைந்தாலும் முன்னைவிட விரைவில் தெரிந்துவிடுகிறது.

இதே காரணத்தால், பயன்படுத்தாத கார்டுகளையெல்லாம் வெட்டிப் போடுங்கள் என்ற பொதுவான அறிவுரையை நான் அப்படியே ஏற்பதில்லை. ஒரு லட்சமும் ஐம்பதாயிரமும் வரம்புள்ள இரண்டு கார்டுகள் வைத்திருந்து மொத்தம் 30,000 ரூபாய் செலவு செய்பவர் 20 சதவீதத்தில் இருக்கிறார். பெரிய கார்டை மூடிவிட்டால், செலவில் ஒரு ரூபாயும் கூடாமலேயே 60 சதவீதத்துக்குப் போய்விடுவார். கட்டணமில்லாத பழைய கார்டு இருந்துவிட்டுப் போகட்டும். கட்டணம் விழும் கார்டை, பாக்கியைத் தீர்த்துவிட்டு, எழுதிக் கொடுத்து மூட வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுவதால் கணக்கு மூடாது.

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் என் மாமனாரிடமும் ஒரு கார்டு உண்டு. 1998இல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டுத் திட்டத்தில் பெற்றது. பெயரில் கார்டு என்று இருப்பதால் ஜவுளிக்கடைக் கார்டின் அண்ணன் தம்பி என்று அவர் நினைத்திருந்தார். அது உண்மையில் பயிர்க் கடன் கணக்கு. மாதாமாதம் பில் வருவதில்லை, மகசூல் காலத்தை ஒட்டித்தான் கெடு வருகிறது. 7 சதவீத வட்டியில், கெடு நாளுக்குள் கட்டினால் 3 சதவீதத்தை அரசு ஏற்றுக்கொள்வதால், 3 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதமே விழுகிறது. கெடுவைத் தவறவிட்டால் அந்தச் சலுகை போவதோடு, கடன் அறிக்கையிலும் பாக்கி ஏறுகிறது என்பதை அவரிடம் சொன்னபோது, "விவசாயக் கடனையுமா மாப்ள எழுதுறாங்ய?" என்று வியந்தார். அடகு வைத்த நகைக்கடன்கூட அறிக்கையில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் இருந்தார்.

கம்பெனி பொறுப்பேற்கும் அலுவலகக் கார்டு பொதுவாக ஊழியரின் அறிக்கையில் ஏறுவதில்லை. யுபிஐயில் இணைக்கும் ரூபே கிரெடிட் கார்டு எல்லாக் கார்டுகளையும் போன்றதுதான் என்றாலும், காலையில் டீ, மதியம் சாப்பாடு, மாலையில் ஜிகர்தண்டா என்று ஸ்கேன் செய்துகொண்டே போனால் மாதக் கடைசியில் வரம்பு எங்கே போயிற்று என்று தெரியாது. கண்ணில் பட்ட மேசையிலெல்லாம் விண்ணப்பம் கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். கார்டு வந்தாலும் வராவிட்டாலும், நம் அறிக்கையை வங்கி எடுத்துப் பார்த்த தடம் அதில் பதிந்துவிடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது என் மனைவியின் அறிக்கைதான். என் கார்டுக்குத் துணையாக, என் கணக்கிலேயே வங்கி தரும் ஆட்-ஆன் கார்டை ஆறு ஆண்டுகளாக அவள் வைத்திருந்தாள். மளிகை, மருந்து, பிள்ளைகளின் சீருடை எல்லாம் அதில்தான். பில்லைப் பார்த்துக் கட்டச் சொல்லி எனக்கு நினைவூட்டுபவளும் அவள்தான். சுங்குடிச் சேலை வாங்கி விற்கும் சிறு தொழிலுக்காகக் கடன் கேட்கப் போனபோது, அவள் அறிக்கையில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 'என்.எச்.' என்று இருந்தது. கடன் வரலாறே இல்லை என்று பொருள். ஆட்-ஆன் கார்டுக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு என்பதால், அவளுடைய ஆறு ஆண்டு ஒழுங்கும் என் கட்டங்களில் 000 ஆகச் சேர்ந்திருந்தது.

அவளைப் போன்றவர்களுக்கு வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டு ஒரு வழி. அவள் தன் பெயரில் 20,000 ரூபாயை நிரந்தர வைப்பில் போட்டாள். அதற்கு 16,000 ரூபாய் வரம்பில் கார்டு கொடுத்தார்கள். சம்பளச் சீட்டு கேட்கவில்லை, வைப்புத்தொகைக்கு வட்டியும் ஓடுகிறது. ஆனால் இதிலும் பாக்கி வைத்தால் மற்றக் கார்டுகளைப் போலவே கட்டத்தில் எண் ஏறும். வைப்புத்தொகையையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம். சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், பால்காரர் வராத நாட்களைக் குறிக்கும் அதே பென்சிலால், பில் தேதியையும் கெடு தேதியையும் வட்டமிட்டு வைத்தாள். சிலிண்டர், கைப்பேசிக் கட்டணம், மின் கட்டணம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்தக் கார்டு.

எட்டாவது மாதம் அறிக்கையை எடுத்தோம். 'என்.எச்.' இருந்த இடத்தில் 752 என்று வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவள், கைப்பையிலிருந்து ஆட்-ஆன் கார்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஏங்க, இத நீங்களே வச்சுக்கங்க. இதுல நான் ஒழுங்கா இருந்தா உங்க பேருதான நல்லா இருக்கும்?" என்றாள்.