குளிர்காலப் பறத்தலும் கார்பன் மோனாக்சைடும்: நாட்குறிப்பு

2024 டிசம்பர் 7, மினசோட்டா, அமெரிக்கா

குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போய்விட்டது. இனி மார்ச் வரை எங்கள் செஸ்னா 172 விமானத்தில் ஹீட்டர் இல்லாமல் பறக்க இயலாது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று உடன் வருபவர்கள் கேட்பதில்லை. ஆனால் விமானிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இஞ்சின் புகை வெளியேறும் சைலன்சரைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருக்கிறது. வெளிக்காற்று அதனுள் புகுந்து, கொதிக்கும் சைலன்சரை உரசிச் சூடேறி, குழாய் வழியாக நம் கால்மாட்டுக்கு வந்து சேர்கிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றுக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்து இஞ்சின் கக்கும் புகைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய எஃகுத் தகடு மட்டுமே. பறக்கும்போதெல்லாம் சூடேறி, இறங்கியதும் குளிர்ந்து, இடைவிடாமல் அதிரும் தகடு என்றாவது விரிசல் விடத்தான் செய்யும்.

டிசம்பர் 14

ஆண்டுப் பரிசோதனை. மெக்கானிக் தகரக் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தூசு உறிஞ்சும் கருவியின் காற்று வெளிவரும் வாயைப் புகைக்குழாயில் பொருத்தி உள்ளே காற்றைச் செலுத்தினார். பிறகு சைலன்சர் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, விளக்கை அருகில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பற்றவைத்த (வெல்டிங்) இணைப்பின் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் மிளகளவு நுரை எழுந்தது. துடைத்துப் பார்த்தால் தலைமுடி போன்ற கீறல். கூடு மாட்டியிருக்கும்போது எவர் கண்ணுக்கும் அது தென்பட்டிருக்காது. புதிய சைலன்சர் வரும்வரை விமானம் ஹேங்கரிலேயே நிற்கும்.

டிசம்பர் 16

விமானத்தில் பங்குள்ள நண்பர், முன்பலகையில் ஒட்டியிருக்கும், கார்பன் மோனாக்சைடு பட்டால் நிறம் மாறும் அட்டை போதாதா என்று கேட்டார். போதாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அட்டை சத்தம் போடாது. அதன் நடுப்பொட்டு கறுப்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். இந்த வாயுவோ, கவனிக்கும் ஆற்றலைத்தான் முதலில் பறிக்கிறது. நிறமும் மணமும் அற்றது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. லேசான தலைவலியைக் களைப்பென்றும், மந்தத்தைத் தூக்கக் குறைவென்றும் நினைத்துக்கொள்வோம். உயரம் கூடக் கூட ஆக்சிஜன் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1982 முதல் 2020 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தபோது, கார்பன் மோனாக்சைடு நச்சால் நேர்ந்தவை 31 என்று கண்டது. அவற்றில் 23 விபத்துகளில் 42 பேர் உயிரிழந்தார்கள். அந்த 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே இதைக் கண்டறியும் சாதனம் இருந்தது. அதுவும் ஒலியோ ஒளியோ எழுப்பி எச்சரிக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. அலாரமுள்ள கருவியைக் கட்டாயமாக்கும்படி வாரியம் 2004இலும் 2022இலும் கேட்டிருக்கிறது. நண்பரிடம் இந்த எண்களைக் காட்டினேன். புதிய வானொலிக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதலில் மின்னணுக் கருவி வாங்குவதென்று முடிவாயிற்று.

2025 ஜனவரி 21

கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்து இன்றோடு ஆறு ஆண்டுகள். பிரான்சின் நான்ட் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃபுக்கு அவரை ஏற்றிப் போன பைப்பர் மாலிபு என்ற சிறு விமானம், இரவில் குர்ன்ஸி தீவுக்கு வடக்கே கடலில் விழுந்தது. அவரது இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபின், 58 விழுக்காடு இருந்தது; 50ஐத் தாண்டினாலே, நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கும் அது உயிருக்கு ஆபத்தான அளவு. விமானிக்கு இரவில் பறக்கவோ கட்டணப் பயணிகளை ஏற்றவோ தகுதி இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. பலரும் அதை மட்டுமே பேசி நிறுத்திக்கொள்கிறார்கள். அது பேசவேண்டியதுதான், ஆயினும், விமானியையும் இந்த வாயு பாதித்திருக்கக்கூடும் என்றும், எச்சரிக்கும் கருவி எதுவும் விமானத்தில் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்வதை விட்டுவிடலாகாது. பிரிட்டனில், விமானி அல்லாத பயணிகளை ஏற்றும் பிஸ்டன் இஞ்சின் விமானங்களுக்கு இத்தகைய கருவி இம்மாதம் முதல் கட்டாயமாகியிருக்கிறது. இங்கே இன்னும் அவரவர் விருப்பம்தான்.

பிப்ரவரி 2

2017இல் இதே நாளில், இதே மாநிலத்தில், டுலூத்திலிருந்து கிளம்பிய மூனி விமானத்தின் விமானி வழியில் மயங்கிவிட்டார். தானியங்கிக் கருவி எரிபொருள் தீரும்வரை விமானத்தைச் செலுத்தியது. பிறகு அது ஒரு வயலில் தானே இறங்கியது. அவர் பிழைத்தது அதிசயம். காரணம், சைலன்சரில் விழுந்த வெடிப்பு.

பிப்ரவரி 9

புதிய சைலன்சருடனும் கருவியுடனும் முதல் பறத்தல். வாயு மிகுதியாக உருவாவது எரிபொருள் செறிவாகச் செல்லும்போதுதான் என்பதால், எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழை முழுவதும் உள்ளே தள்ளி, ஹீட்டரை முழுவதும் திறந்து, முழு விசையில் மேலேறினோம். ஓடுதளத்துக்குப் போகும் வழியில் முன்னால் நின்ற விமானத்தின் புகையால் கருவி 11 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 11 பங்கு) காட்டியது. மேலே போனபின் சுழியிலேயே நின்றது.

அலாரம் அடித்தால் செய்யவேண்டியதைச் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்த்து அச்சிட்டிருக்கிறேன்: ஹீட்டரை மூடுவது, வெளிக்காற்று வழிகளையும் சன்னலையும் திறப்பது, ஆக்சிஜன் இருந்தால் போட்டுக்கொள்வது, கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லி அருகிலுள்ள தளத்தில் இறங்குவது. தலை தெளிந்ததுபோல் தோன்றினாலும் பயணத்தைத் தொடரக்கூடாது என்றும் எழுதியிருக்கிறேன். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும்.